சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை

பவுலின் எங்கள் தெருவுக்கு வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். காலை எட்டு மணிக்கு அவளுடைய டிவிஎஸ் எக்ஸெல் முக்கூடல் பஜாரைத் தாண்டும்போதே, "சாளை இருக்கு, நெத்திலி இருக்கு, விளமீன் இருக்கேய்!" என்ற சத்தம் எங்கள் வீட்டு அடுக்களைக்குள் வந்து நிற்கும். புதிதாகக் குடிவந்தவர்கள், வண்டியில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். பின்னால் ஒரு ஐஸ் பெட்டியும் ஒரு தராசும் தவிர அந்த வண்டியில் வேறொன்றும் கிடையாது. எல்லாம் தொண்டைதான்.

நான் அதற்கு நேர் எதிர். பெயர்தான் ராஜராஜேஸ்வரி என்று நீளமாக இருக்கிறதே தவிர, என் குரல் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. பதினேழு வருஷமாக இந்த ஊரில் அங்கன்வாடி டீச்சர். சின்னப் பிள்ளைகளிடம் பைய பேச வேண்டும் என்று பயிற்சியில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டவள். கோபம் மட்டும் எனக்குப் பொசுக்கென்று வரும். வந்தாலும் சத்தம் வராது, மூக்குதான் சிவக்கும். பவுலின் மகள் அபிஷாவால் என் மூக்கு இரண்டு வருஷம் தினமும் சிவந்தது.

பவுலினுக்குச் சொந்த ஊர் உவரி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுச் சித்தியோடு மீன் விற்கக் கிளம்பியவள். கட்டிக்கொடுத்த இடமும் உவரிதான். புருஷன் ஜெர்வின் தூத்துக்குடியில் விசைப்படகில் டிரைவர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் மறுநாள் போய்விடுவான். வீட்டுக்கு வீடு மீன் கிடக்கிற உவரியில் யாரிடம் விற்பது என்று பவுலின் கூடையோடு பஸ் ஏறி முக்கூடலுக்கு வர ஆரம்பித்தாள். கண்டக்டர்களோடு தினமும் மல்லுக்கட்டு. கடைசியில் ஊர்க்காரர் ஒருவரின் லோடு ஆட்டோவில் மீனை வரவழைத்துக்கொண்டு இங்கேயே வீடு பார்த்துக் குடிவந்துவிட்டாள். அபிஷா பிறந்தது இங்கேதான்.

மீன் விஷயத்தில் அவளைச் சும்மா சொல்லக்கூடாது. நாம் கேட்கும் முன்பே மீனின் செவுளைத் தூக்கிக் காட்டுவாள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் புது மீன். "பாருங்க டீச்சர், நல்லாப் பாருங்க. பொறவு வந்து பவுலின் ஏமாத்திட்டான்னு சொல்லப்பிடாது" என்பாள். இதையும் நம் காதுக்குள் வாயை வைத்துக் கத்துகிற மாதிரிதான் சொல்வாள். உவரிக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். பிறந்ததிலிருந்து அலை இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியவர்கள். ஒருமுறை அவள் போனில் ஜெர்வினோடு பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, புருஷன் பொண்டாட்டிக்குள் பெரிய சண்டை என்று பயந்து எதிர்வீட்டுக்காரர் விலக்கிவிட ஓடிவந்தார். விசாரித்தால், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்த அபிஷா மூன்று வயதில் என்னிடம் வந்தாள். துறுதுறுவென்று கண். சிரித்தால் அவ்வளவு அழகு. நன்றாகப் படம் வரைவாள். ஆனால் கூப்பிட்டால் வரமாட்டாள். உட்காரச் சொன்னால் நிற்பாள். கதை சொல்லும்போது ஜன்னலைப் பார்ப்பாள். பாட்டுக்குக் கை அசைக்கும்போது மற்ற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, எல்லாரும் முடித்த பிறகு ஒரு தடவை அசைப்பாள். வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறாள் என்று எனக்கு ஆத்திரம். அவளை முன்வரிசையிலிருந்து எழுப்பிக் கடைசியில் சுவர் ஓரமாக உட்கார வைத்தேன். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக, "சொல்பேச்சு கேட்பதில்லை" என்று எழுதினேன். அடுத்த வருஷமும் அதையே எழுதினேன்.

பவுலினிடம் சொன்னால், "எங்கிட்ட ஒழுங்காத்தான இருக்கா டீச்சர்? வாடின்னா வாரா, போடின்னா போறா. ஒங்களுக்குப் பிள்ளைய மெரட்டத் தெரியல" என்று என்னையே திருப்பிச் சொல்வாள். எனக்கு வருமா வராதா கோபம்!

இதற்கு நடுவில் இன்னொரு தகராறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவக் குழு வண்டி எங்கள் அங்கன்வாடிக்கு வரும். டாக்டர், நர்ஸ் எல்லாரும் வந்து, பல்லிலிருந்து பாதம் வரை ஒவ்வொரு பிள்ளையாகப் பார்ப்பார்கள். அந்த வண்டி வரும் நாளில் அபிஷா வரமாட்டாள். பவுலின் அவளை மீன் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருப்பாள். மற்ற நாளெல்லாம் அனுப்புகிறவள் அன்றைக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டால், ஒரே பதில்தான்.

"சொகமா இருக்க பிள்ளைய எதுக்கு டாக்டர்ட்ட காட்டணும்? காட்டக் காட்டத்தான் சீக்கு வரும். காய்ச்ச வந்தா நானே தூக்கிட்டு ஓடமாட்டனா?"

ஓடுவாள், அதில் சந்தேகமில்லை. அபிஷாவுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். சளி நின்றதும் அதை மறந்துவிடுவாள்.

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு உவரி போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்த பவுலின், நேராக என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். எனக்காகச் சீலா மீன் கொண்டு வந்திருந்தாள். செதில் சுரண்ட ஆரம்பித்தவள் பாதியில் கையை நிறுத்திவிட்டாள்.

"மதினி அபிஷாவ அங்கயே விட்டுட்டுப் போங்காவ டீச்சர்."

மதினி என்றால் ஜெர்வினின் அக்கா ஃபெமினா. உவரியில் பெரிய வீடு, அவளுக்குப் பிள்ளை கிடையாது. நல்லவள்தான். அந்த ஒரு வாரமும் அபிஷா அத்தை சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்திருக்கிறாள். தண்ணீர் எடுத்து வா என்றால் எடுத்து வந்தாளாம், கோயிலில் முட்டிபோடு என்றால் போட்டாளாம். 'முக்கூடல் தண்ணிதான் பிள்ளைக்கு ஒத்துக்கிடல. அம்மக்காரி ஊர் சுத்தப் போயிருதா, டீச்சருக்கு அடக்கத் தெரியல. எங்கிட்ட விடு, ஜூன் மாசம் இங்கன கான்வென்ட்ல சேத்து ஆளாக்கித் தாரேன்' என்று ஃபெமினா சொல்ல, ஜெர்வினும் தலையாட்டிவிட்டான்.

"ஒத்தப் பிள்ள டீச்சர் எனக்கு. அவ இல்லாத வீட்டுக்குள்ள நான் என்னன்னு போயி ஏறுவேன்?" என்று கேட்டாள் பவுலின். ஊரையே எழுப்புகிறவள் அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காமல் பேசினாள். "ஆனா அங்கன நல்லாத்தான் இருக்கா. அதையும் பாத்துட்டுத்தான வந்தேன். நீங்க படிச்சவிய, நீங்க சொல்லுங்க. விடவா, வேண்டாமா?"

நான் என்ன சொன்னேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. "அங்கயாவது அடங்கி இருக்கான்னா, போகட்டுமே" என்றேன். அவள் மீனைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜனவரியில் மருத்துவக் குழு வரும் தேதி சொன்னார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஒருவர் விடாமல் பார்க்கப்பட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கண்டிப்பு. என் பதிவேட்டில் அபிஷாவின் வரிசை மட்டும் காலியாகக் கிடந்தது. பாசத்தில் போனேன் என்று பொய் சொல்லமாட்டேன். அந்தக் காலி இடம் என் கண்ணை உறுத்தியது, அந்த எரிச்சலில்தான் பவுலினைத் தேடிப் போனேன். அவள் யாருக்கோ பாறை மீனின் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மீனு கெட்ட மீனா பவுலின்?" என்று கேட்டேன்.

"ஏன் டீச்சர் காலையிலயே இப்படிக் கேக்கீய? இன்னைக்கு விடியக்காலம் கரைக்கு வந்த மீனு!"

"நல்ல மீனுன்னா பொறவு எதுக்குச் செவுளத் தூக்கிக் காட்டுத?"

"பாத்தாத்தான தெரியும்?"

"அதத்தான் நானும் சொல்லுதேன். மீனுக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா?"

மீன் வாங்க வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். பவுலினுக்கு முகம் சுண்டிப்போனது. "சரி, கூட்டிட்டு வாரேன். ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும், அன்னைக்கு இருக்கு ஒங்களுக்கு" என்றாள்.

சொன்னபடி கூட்டிக்கொண்டு வந்தாள். குழுவில் சுகிர்தா என்று ஒரு நர்ஸ், அவ்வளவு நிதானம். எடை சரி. உயரம் சரி. கண் சரி, பல் சரி, நெஞ்சு சரி. ஒவ்வொன்றுக்கும் பவுலின் வாசலில் நின்றபடி என்னைப் பார்த்து, "எப்படி?" என்று தலையை ஆட்டினாள். என் மூக்கு சிவக்க ஆரம்பித்தது.

பிறகு சுகிர்தா எழுந்து அபிஷாவின் பின்னால் போய் நின்றார். பதிவுத்தாளால் வாயை மறைத்துக்கொண்டு, கிசுகிசுப்பாக, "அபிஷா, முட்டாய் வேணுமா?" என்று கேட்டார். வரிசையில் நின்ற பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். இரண்டு பேர் கையையே நீட்டிவிட்டார்கள். அபிஷா மட்டும் மேசை மேல் இருந்த எடைக்கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுகிர்தா கொஞ்சம் குரலை ஏற்றிக் கேட்டார். அப்போதும் அவள் திரும்பவில்லை.

வாசலில் நின்ற பவுலினுக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி அபிஷா!" என்று ஒரு சத்தம் போட்டாள். அபிஷா டக்கென்று திரும்பிச் சிரித்தாள்.

"கேக்குல்லா! நல்லாக் கேக்கு நர்சம்மா!" என்று பவுலின் கைதட்டினாள்.

சுகிர்தா சிரிக்கவில்லை. "யம்மா, ஒங்க சத்தத்துக்கு ஆத்துக்கு அந்தக் கரையில நிக்கவனும் திரும்புவான். கொஞ்சம் பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், இந்தப் பிள்ள ஒங்ககிட்ட எப்படி?"

"அத ஏன் கேக்கீங்க? சொன்ன பேச்சே கேக்க மாட்டா" என்றேன்.

சொன்ன வாய் மூடவில்லை, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்க மாட்டாள். கேட்க மாட்டாள். இரண்டு வருஷமாக என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன், கேட்பதில்லை என்று. அதற்கு மருந்தாக அவளைக் கடைசிச் சுவருக்குத் தள்ளியிருக்கிறேன், என் கிணற்றுக்குரல் சுத்தமாக எட்டாத இடத்துக்கு. உவரியில் அவள் தங்கமான பிள்ளையாக இருந்ததற்குக் காரணமும் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அங்கே எல்லாரும் கத்துகிறார்கள். அதனால் அவளுக்குக் கேட்கிறது. இத்தனை நாளும் யாருடைய வளர்ப்பும் கெடவில்லை, எந்த ஊர்த் தண்ணீரும் கெடவில்லை. எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல அவமானமாக இருந்தது.

"எம் பிள்ள செவிடுங்கீயளா?" என்று பவுலின் சண்டைக்கு வருகிற மாதிரி முன்னால் வந்தாள்.

"செவிடுன்னு யாரு சொன்னா?" என்று சுகிர்தா அவளை உட்கார வைத்தார். "ஆத்துல முங்கிக் கெடக்கும்போது கரையில பேசுதது எப்படிக் கேக்கும்? அப்படித்தான் இப்ப இவளுக்குக் கேக்குன்னு நெனைக்கேன். அடிக்கடி சளி பிடிக்கும்லா? அந்த நீரு காதுக்குள்ள, சவ்வுக்குப் பின்னால தேங்கியிருக்கலாம். வலிக்காது, சீழ் வராது. அதனால வெளிய ஒண்ணும் தெரியாது. தேடிப் பாத்தாத்தான் தெரியும். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன், நாளைக்கே போங்க."

மறுநாள் முக்கூடலில் மீன் சத்தம் இல்லை. நானும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர்களோடு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் அபிஷாவை உட்கார வைத்துக் கருவியால் சோதித்தார்கள். சுகிர்தா சொன்னதேதான். இரண்டு காதிலும் நீர். மூன்று மாதம் மருந்து கொடுத்துப் பார்ப்போம், தானாகவே வடிந்துவிடும் பிள்ளைகளும் உண்டு, வடியாவிட்டால் சின்னதாக ஒரு ஆபரேஷன் என்றார் டாக்டர். இப்படியே இன்னும் மூன்று நாலு வருஷம் போயிருந்தால் பேச்சும் படிப்பும் பின்தங்கி, மக்குப் பிள்ளை என்று பெயர் வாங்கியிருப்பாள் என்றும் சொன்னார். பவுலின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க எதுக்கு டீச்சர்? பெத்தவ எனக்கே தெரியலயே. நான் கத்திக் கத்தியே அவளுக்குக் காது நல்லாருக்குன்னு நெனச்சிட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு தடவையில்ல, நாலு தடவ வண்டி வந்துச்சு. நாலு தடவையும் நான்தான் தூக்கிட்டு ஓடிட்டேன்" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

அடுத்த மூன்று மாதம் அபிஷா என் காலடியில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராகக் குனிந்து பேசினால் போதும், அவள் செய்யாத வேலை கிடையாது. பிள்ளை நல்ல பிள்ளை. எனக்குத்தான் கூப்பிடத் தெரியவில்லை.

மருந்தில் நீர் வடியவில்லை. ஏப்ரல் கடைசியில் ஆபரேஷன் செய்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஜெர்வினும் கூடவே இருந்தான். ஆபரேஷன் அறை வாசலில் அவன் உவரி அந்தோணியாரைக் கூப்பிட்டு வேண்டிய சத்தத்துக்குக் காவலாளி வந்து அதட்டிவிட்டுப் போனார். அரிசியளவு கூட இல்லாத ஒரு குழாயை இரண்டு காதுச் சவ்விலும் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அபிஷா சுவரைப் பார்த்து, "அம்மா, யாரு டிக் டிக்குன்னு கூப்பிடுதா?" என்று கேட்டாளாம். பல்லி! ஐந்து வயதில் முதன்முதலாகப் பல்லிச் சத்தம் கேட்டிருக்கிறாள். இதை என்னிடம் சொல்லும்போது பவுலினுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். சொகமாக இருந்தாலுமா என்று நான் வேண்டுமென்றே கேட்டேன். "சொகமா இருக்கப்பதான் டீச்சர் காட்டணும்!" என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஃபெமினா விடவில்லை. காது சரியானது மாதாவின் கிருபை, ஆனால் கான்வென்டில் இடம் கேட்டு வைத்தாயிற்று, பேச்சு பேச்சுதான் என்றாள். ஜெர்வினுக்கு அக்காவை எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லை, "நீயே முடிவு பண்ணு" என்று பவுலினிடம் தள்ளிவிட்டான். பவுலின் ஊரோடு சண்டை போடுவாள், ஆனால் பிள்ளையில்லாத மதினி ஆசையாகக் கேட்பதை முகத்துக்கு நேராக மறுக்க அவளாலும் முடியவில்லை. தவிர, உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. காது கேட்காததைக் கண்டுபிடிக்கத் தெரியாத தாய் பிள்ளையை வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடமே இரண்டு தடவை கேட்டாள். வைத்துக்கொள் என்று நான் இந்தமுறை அழுத்திச் சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஜூன் முதல் வாரம் ஃபெமினா பிள்ளையைக் கூட்டிப்போக வந்துவிட்டாள். படகு மராமத்து என்று ஜெர்வின் தூத்துக்குடிக்கு நழுவிவிட்டான். அபிஷாவின் சான்றிதழைக் கொடுக்க நானும் போயிருந்தேன். முன்னறையில் அபிஷா எங்களுக்கு முதுகைக் காட்டித் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். துணிகள் அடுக்கிய பை ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அடுக்களையில் நின்றோம். பவுலின் குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள், கண்ணை நிமிர்த்தவே இல்லை.

ஃபெமினா அவள் பக்கத்தில் நகர்ந்து, ஒரு உவரிக்காரிக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு குரலைத் தாழ்த்தி, "மத்தியானம் அவ தூங்குதப்ப சத்தங்காட்டாம பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருதேன். முழிச்சிருந்தா அழுவா" என்றாள்.

முன்னறையிலிருந்து, தலையைக்கூடத் திருப்பாமல் அபிஷா சொன்னாள்.

"நான் தூங்க மாட்டேன் அத்தை."

குழம்பு கிண்டிய கை நின்றது. ஃபெமினா வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஃபெமினா நம்ப முடியாமல், வெறும் மூச்சுக் காற்றாக, "ஏட்டி, அத்தைகூட வரமாட்டியா?" என்று கேட்டாள்.

"வரல. எங்கம்ம தனியா இருப்பா" என்றது பிள்ளை. கலர் பென்சில் காகிதத்தில் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

பவுலின் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஃபெமினாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாதாவே! நான் பேசுனது எனக்கே கேக்கல, அவளுக்குக் கேட்டிருக்கு பாரு!" என்றாள்.

"எல்லாம் கேக்கு மதினி" என்றாள் பவுலின். "வரமாட்டேங்கா, அவ்ளதான்."

ஃபெமினா எங்களோடு சாப்பிட்டுவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் தனியாகத்தான் உவரிக்குப் போனாள்.